பரமேசியங்களைக் காற்றாட விட்ட கதை

1

எங்கள் கட்டடத்து லிப்டில் யாராவது என்னோடு பேச்சுக் கொடுத்தால், நான் உடனே அடுத்த மாடியில் இறங்கிவிடுவேன். மீதி மாடிகளைப் படியில் ஏறுவேன். முழங்கால் ஏன் இப்படி வீங்குகிறது என்று டொக்டர் கேட்டபோது அந்தக் காரணத்தையும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மகள் "குளிர்" என்று சொல்லி முடித்துவிட்டாள். கனடாவில் என் வாய் அவளிடம்தான் இருக்கிறது.

அப்படிப்பட்ட நான், முகம் தெரியாத ஒரு யூனிவர்சிட்டி டீச்சருக்குப் பேசி அனுப்பினேன் என்று கண்டியில் எங்கள் மஹய்யாவ முழுக்கக் கதை பரவியிருக்கிறதாம். பரப்பியவள் என் தங்கச்சி ராஜம். அவள் சொல்லும் கதையில் நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இங்கிலீஷில் பேசுகிறேன். பட்டுச்சேலை உண்மை. மற்றதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இப்போது இரண்டே பேர், நானும் என் இளையவள் நிரோஷாவும். மூத்தவன் டுபாயில். பிள்ளைகளின் படம் அனுப்புவான், படத்தில் அவன் இருக்கமாட்டான். நிரோஷா கல்யாணமாகி இங்கே வந்தாள். என்னையும் அவள் அப்பாவையும் கூப்பிட்டுக்கொண்டாள். பிறகு கல்யாணத்தை மட்டும் விட்டுவிட்டாள். போன வருஷம் அவள் அப்பாவும் போய்விட்டார். அவளுக்கு இரவில் ஒரு பேக்கரியில் வேலை. பகலில், நாற்பதை நெருங்குகிற வயதில், யூனிவர்சிட்டியில் முதலாம் வருஷ உயிரியல் படிக்கிறாள். நாங்கள் சந்திப்பது சாப்பாட்டு மேசையில்தான். அவள் தமிழில் தொடங்கி இங்கிலீஷில் முடிப்பாள். நான் தொடக்கத்துக்கு மட்டும் தலையாட்டுவேன்.

கீழ்மாடியில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்கிறார். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்றார்.

"இல்லங்க, கண்டி."

"கண்டியிலயும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?"

"ஓம், இருக்கினம்" என்று அவர் பாஷையிலேயே சொல்லிவிட்டு ஓடிவந்தேன். எத்தனை தலைமுறையாக இருக்கிறோம், யார் யார் இருக்கிறோம் என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்து வெங்காயம் உரித்தேன்.

ஒருநாள் பருப்பை ஊற்றிக்கொண்டே நிரோஷா சொன்னாள்: "அம்மா, இந்த வருஷம் பாஸ் பண்ணினா ரெண்டாம் வருஷம் இங்க இல்ல. வேற டவுன். பஸ்ல அரைநாள். அங்க தங்கக் குடுக்கிற காம்பரா ஒரு ஆளுக்குத்தான்."

"நல்லதுதானே" என்றேன்.

"போன தடவ மாதிரி இதுலயும் பெயிலானா இதோட விட்டிருவேன். பேக்கரியே போதும்."

அதற்கும் "நல்லதுதானே" என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, வாய் நிறையச் சோறு இருந்தது.

2

என் வீட்டுக்காரருடைய முதல் வருஷத் தெவசத்தைக் கண்டியில் செய்யவேண்டும் என்று போனோம். கனடாக் கடவுச்சீட்டு என்பதால், பிறந்த ஊருக்குப் போக நான் விசா எடுக்கவேண்டியிருந்தது. விமான நிலையத்து அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். வீட்டுக்காரருக்கு வருஷத் தானம் என்று சிங்களத்திலேயே சொன்னேன். அவர் எழுந்து நிற்காத குறையாக முத்திரை குத்தினார். நிரோஷா என்னை அதிசயமாகப் பார்த்தாள். அந்த ஒரு நாள் மட்டும் அவள் வாய் என்னிடம் இருந்தது.

மஹய்யாவயில் ராஜத்தின் வீட்டில் தங்கினோம். படியேறிப் போகிற சின்ன வீடு. பின்பக்கம் குசினியை ஒட்டி ஒரு சிமெந்துக் கட்டு. அதில்தான் நிரோஷா மூன்று ஜாம் போத்தல்களை வைத்தாள். அதுதான் அவளுடைய கடைசிப் பாடவேலை. எந்த ஊரில் இருந்தாலும் செய்யலாமாம். கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத் தண்ணீரில் வளர்த்து, தினமும் எண்ணி, கோடு போட்டுக் காட்டி, கூடினால் ஏன் கூடியது, குறைந்தால் ஏன் குறைந்தது என்று எழுதவேண்டும். குடித்தொகை என்று அதற்குப் பெயர்.

தண்ணீர் எடுக்கக் கண்டிக் குளக்கரைக்குப் போனோம். நான் ஓரமாகக் குந்தி போத்தலை முக்கும்போது ஒரு பொலிஸ்காரர் விசில் ஊதினார். மீன் பிடிக்கிறேன் என்று நினைத்தாராம். "கொஞ்சம் தண்ணிதான் மாத்தயா, மகளின் படிப்புக்கு" என்றேன். அவர் போத்தலை வெயிலில் தூக்கிப் பார்த்து, ஒன்றுமில்லையே என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

அவித்த வைக்கோலைப் போட்டுச் சில நாள் போனதும், நிரோஷா போனில் மாட்டுகிற சின்னக் கண்ணாடியின் கீழ் ஒரு சொட்டை வைத்துக் கூப்பிட்டாள்.

"பாருங்கம்மா, ஓடுது பாருங்க."

"என்னா புள்ள இது? ரப்பர் செருப்பு தனியா நடந்து போற மாதிரி இருக்கு."

"பரமேசியம்மா. செருப்பு மாதிரின்னுதான் புத்தகத்திலயும் போட்டிருக்கு."

"ஆணா, பொண்ணா?"

"அதெல்லாம் வேணாம். ஒண்ணு நடுவுல பிரிஞ்சு ரெண்டாயிரும்."

ராஜம் குசினிக்குள் இருந்து, "அப்ப கல்யாணச் செலவு மிச்சம்!" என்றாள்.

"அழுகையும் மிச்சம் சின்னம்மா" என்றாள் நிரோஷா. யாரும் சிரிக்கவில்லை. அவளே முதலில் சிரித்தாள், பிறகு நாங்களும் சிரித்தோம்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் எண்ணுவாள். முதலில் மெல்லக் கூடியது. பிறகு மளமளவென்று கூடியது. இனி ஒரு மட்டத்துக்கு வந்து நிற்கும் என்றாள். சாப்பாடும் இடமும் எவ்வளவோ அவ்வளவுதான் போத்தல் தாங்குமாம்.

"இதப் படிக்கவா இவ்வளவு தூரம் போன? ஒரே காம்பராவுல நாங்க எத்தன பேரு படுத்தோம்னு சின்னம்மாவக் கேளு" என்றேன்.

"சாப்பாடு பத்தாமப் போனா என்னாம்மா செஞ்சீங்க?"

"என்னா செய்யிறது, ஒவ்வொருத்தரா வெளிய போனோம்."

அவள் விளையாட்டை விட்டுவிட்டு அதைக் குறித்துக்கொண்டாள். "வெளியேற்றம். அதுவும் கணக்குல வரும். ஆனா இதுங்களுக்கு முடியாது. போத்தல் வாய மூடியிருக்குல்ல."

ஆமாம், மூடித்தான் இருந்தது. ஒவ்வொரு போத்தலுக்கும் மெல்லிய துணி வைத்து ரப்பர் வளையம் போட்டிருந்தாள். நானும் ராஜமும் அந்தத் துணியைத் தொடக்கூடாது என்று முதல் நாளே உத்தரவு.

கனடாவில் எங்கள் வீட்டு ஜன்னல்கள் குளிர்மாரி முழுதும் அடைத்தே கிடக்கும். பாதி வருஷம் எனக்கு மூச்சு முட்டுகிற மாதிரியே இருக்கும். அந்த நினைப்பிலோ என்னமோ, மறுநாள் அவள் லைப்ரரிக்குப் போனதும் மூன்று துணியையும் கழற்றினேன். பாவம், கொஞ்சம் காற்று வாங்கட்டும். பின்னேரம் அவள் வருகிற நேரம் பார்த்துத் திரும்பக் கட்டிவிட்டேன். அதையே தினமும் செய்தேன். இரகசியமாக ஒரு புண்ணியம் செய்கிற சந்தோஷம் எனக்கு.

3

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. எண்ணிக்கையும் குறையத் தொடங்கியது. ஒரு மட்டத்துக்கு வந்து நிற்கவேண்டியது, நிற்காமல் சரிந்தது. நிரோஷா மூன்று போத்தலிலும் திரும்பத் திரும்பச் சொட்டு எடுத்துப் பார்த்தாள். "நான்தான் பிழையா எண்ணுறேனா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். மழைக்காலத்தில் எல்லாரும்தான் கொஞ்சம் சோர்ந்துபோவார்கள் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

அவள் டவுனுக்குப் போயிருந்த ஒரு காலையில், படிக்கட்டுக்குக் கீழே இருந்து ஒரு சத்தம்: "பீ.எச்.ஐ. வர்றாங்க! பீ.எச்.ஐ. வர்றாங்க!"

கண்டியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. டெங்கு பார்க்கிற சுகாதாரப் பரிசோதகர், கூட ஒரு பொலிஸ்காரர். பூச்சாடித் தட்டில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலும் வழக்குத்தான். ராஜத்துக்கு வழக்கு மட்டும் பயம் இல்லை. அவள் வீட்டுக்காரரைக் கொண்டுபோனதே அந்த நுளம்புக் காய்ச்சல்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சிரட்டைகூட நிமிர்ந்து கிடந்ததில்லை.

"அக்கா, பின்னுக்குப் பாரு! நான் முன்னுக்குப் பார்க்கிறேன்!" என்று கத்திக்கொண்டே அவள் வாசலுக்கு ஓடினாள்.

இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தும் கைக்கு எதுவும் மறக்கவில்லை. வாளியைக் கவிழ்த்தேன். பூச்சாடித் தட்டைக் கவிழ்த்தேன். கோழிக்குத் தண்ணீர் வைக்கிற தகரத்தைக் கவிழ்த்தேன். அதே வேகத்தில் முதல் ஜாம் போத்தலையும் தூக்கினேன். துணி கட்டியிருக்கவில்லை, காற்று வாங்கிக்கொண்டிருந்தது. போத்தலைச் சரித்ததும், அதுவரை கலங்கிய தண்ணீரில் வைக்கோல் மறைத்திருந்த ஏதோ வளைந்து வளைந்து ஆடியது. பரமேசியம் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பெரிசாகிவிட்டதே என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கணம் விளங்கியது. நுளம்புக் குடம்பி, நுளம்பாக மாறப்போகிற புழு. மூன்று போத்தலிலும்.

மூன்றையும் சாக்கடைக் கானில் கொட்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அடித்துத் தள்ளினேன்.

பரிசோதகர் வந்து சுற்றிப் பார்த்தார். "ஹரி ஹொந்தய்", ரொம்ப நல்லது, என்றார். பிறகு தன் தமிழில், "இந்த வீடு நல்ல சுத்தம் அம்மா. இந்த நுளம்பு பகல்லதான் வரும், பகல்லதான் முட்டை போடும். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

4

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது. மூன்று போத்தலிலும் குழாய்த் தண்ணீரைப் பிடித்தேன். புது வைக்கோல் போட்டேன். துணியைக் கட்டி, ரப்பர் வளையத்தை மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன். கண்ணுக்கே தெரியாத சாமானை இல்லை என்று யார் சொல்லப்போகிறார்கள் என்பதுதான் என் கணக்கு. அதைப் பார்க்கத்தான் கண்ணாடி வைத்திருக்கிறாள் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது.

பின்னேரம் நிரோஷா சொட்டு எடுத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். இன்னொரு சொட்டு எடுத்தாள்.

"அம்மா, ஒண்ணுமே இல்ல."

"தூங்குதோ என்னமோ."

அவள் போத்தலை முகர்ந்து பார்த்தாள். அழுகல் மணம் இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பீ.எச்.ஐ. வந்துட்டாங்க புள்ள. அவசரத்தில கொட்டிட்டேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நான் அந்த டவுனுக்குப் போயிரக் கூடாதுன்னுதானே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ராஜம்தான் குறுக்கே வந்தாள். "என்னா பேச்சு பேசுற? வழக்குக்கு யாரு போறது? கொட்டினது சரிதான்!"

"கொட்டினதுக்குக் காரணம் இருக்கு சின்னம்மா, அத எழுதலாம். அதுக்கு முந்தியே ஏன் கொறஞ்சிச்சு? அதுக்கு நான் என்னா எழுதுவேன்? காரணம் தெரியாம அனுப்பினா, எண்ணவே தெரியாதவன்னுதான் போடுவாங்க. போன தடவயும் அதுலதான் போச்சு."

அவள் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் பாணும் சம்பலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நிரோஷா சாப்பிடவில்லை. போனில் பேக்கரிக்காரனுக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். கூடுதல் நாள் வேலை கேட்கிறாள் என்று விளங்கியது.

ஏன் குறைந்தது என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். டீச்சருக்குத் தெரியாது, பரிசோதகருக்குத் தெரியாது. நான் பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பதுதான் வாழ்நாள் முழுக்க எனக்குக் கைவந்த ஒரே வேலை. பேசாமல் இருந்தால் அவள் எங்கேயும் போகமாட்டாள். அடுத்த வருஷமும் மேசையில் இரண்டு பீங்கான் இருக்கும். தமிழில் தொடங்கி இங்கிலீஷில் முடிகிற பேச்சு இருக்கும். பாணைப் பிய்த்துப் பிய்த்து, கடைசியில் என் பீங்கானில் பாணே இல்லை, தூள்தான் இருந்தது.

"துணியக் கழட்டினது நான்தான்" என்றேன்.

"என்னா?"

"பகல்ல. நீ போனதும். தெனமும் கழட்டி வச்சேன். நீ வாறதுக்கு முந்திக் கட்டிருவேன். கொட்டயில பார்த்தேன், குடம்பி இருந்திச்சு. மூணுலயும்."

நிரோஷா போனை அப்படியே கவிழ்த்து வைத்தாள். பிறகு திரும்ப எடுத்து எதையோ தேடினாள். படித்துக்கொண்டே எழுந்து நின்றாள்.

"அம்மா! குடம்பி இதுங்களத்தான் திங்கும்! அதான் கொறஞ்சிருக்கு! நான் எண்ணினது சரி!" என்னைக் கட்டிப்பிடிப்பதா அடிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இரண்டுக்கும் அது பொதுவாக இருந்தது.

ராஜம் மட்டும் சந்தோஷப்படவில்லை. "அவரு போன வீட்டுலயா அக்கா நீ நுளம்பு வளர்த்த?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள். அன்று எனக்கு வந்த பிளேன்டீயில் சீனி இல்லை. நானும் கேட்கவில்லை.

5

நடந்ததை நிரோஷா டீச்சருக்கு எழுதினாள். பதில் வந்தது. குடம்பியை நீ பார்க்கவில்லையே, பார்த்தவர் வீடியோவில் சொல்லட்டும், எந்தப் பாஷையிலும் சொல்லலாம், நீ மொழிபெயர்த்து அனுப்பு என்று.

"ராஜம் சொல்லட்டும்" என்றேன்.

"நானா பார்த்தேன்? நீ பேசு!" என்றாள் ராஜம். அவள் கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

தெவசத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினேன். யூனிவர்சிட்டிக்குப் போகிற படமாயிற்றே. பின்பக்கத்துச் சிமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்து, கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, மூச்சு விட்டுக்கிட்டே பேசலாம்" என்றாள் நிரோஷா.

"வணக்கம் டீச்சர்" என்று தொடங்கியதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. திரும்ப எடுத்தாள். அந்த நேரம் ரயில் சுரங்கப் பக்கம் கூவிக்கொண்டு போனது. திரும்ப எடுத்தாள். இந்த முறை நான் போனைப் பார்க்கவில்லை, கானைப் பார்த்துக்கொண்டு பேசினேன். துணியைக் கழற்றியது, கட்டியது, மழை, பீ.எச்.ஐ., போத்தலில் கண்டது, கொட்டியது, குழாய்த் தண்ணீர் பிடித்து ஏமாற்றப் பார்த்தது என்று ஒன்றையும் விடவில்லை. தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

முடிந்தது என்று அவள் போனை இறக்கப் போனாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"டீச்சர், இவ எண்ணினதில பிழ இல்ல. பிழ எல்லாம் என்னோடது. இவளப் பெயிலாக்கிறாதீங்க. பாஸ் பண்ணினா வேற டவுனுக்குப் போயிருவான்னு எனக்குத் தெரியும். போகட்டும். நான் இருந்துக்கிருவேன்."

நிரோஷா இப்போதுதான் போனை இறக்கினாள். "அந்தக் கடைசிய வெட்டிறவா?"

"ஏன், இங்கிலீஷுக்கு வராதா?"

"வரும்" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அப்ப இருக்கட்டும்."

அன்று பின்னேரம் ராஜம் பிளேன்டீயோடு ஒரு துண்டு ஹக்குரு வெல்லமும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

6

நாங்கள் கனடாவுக்குத் திரும்பிச் சில வாரம் கழித்து முடிவு வந்தது. பேக்கரி உடுப்போடு, தலையில் மாவோடு கதவடியில் நின்றுகொண்டு, "பாஸ்ம்மா" என்றாள். "நல்லதுதானே" என்றேன். இந்த முறை வாயில் சோறு இல்லை.

மறுநாள் நான் தனியாகத் தமிழ்க் கடைக்குப் போனேன். இரண்டாம் தட்டில் ஒரு ஆளுக்குச் சோறு வைக்கிற சின்ன குக்கர் வைத்திருந்தார்கள். ஒரு சுண்டு அரிசிதான் பிடிக்கும். காசு வாங்குகிற இடத்தில் நின்ற பிள்ளை அதை எடுத்துப் பார்த்து, "மகள் படிக்கப் போறாவோ அம்மா?" என்று கேட்டது.

"ஆமாங்க."

"அப்ப ஒண்டு காணுமே. ஏன் ரெண்டு எடுத்திருக்கிறியள்?"

"மத்தது எனக்கு" என்றேன்.